எம்-புக்கில் மட்டும் இருந்த கால்வாய்

2021 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், விடியற்காலை நாலு மணி இருக்கும். கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன், கணுக்கால் வரைக்கும் தண்ணீர். வீட்டின் முன்னறையில்தான் என் தையல் கடை. லைட்டைப் போடப் பயமாக இருந்ததால் செல்போன் வெளிச்சத்தில் போய்ப் பார்த்தேன். அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கியிருந்த பிளவுஸ் துணி மொத்தமும் நனைந்து கிடந்தது. ஒரு அரக்குப் பட்டின் சாயம் இறங்கி, அதன் கீழே இருந்த சந்தன நிறத் துணியில் கையகலத்துக்குத் திட்டுத் திட்டாகப் பிடித்திருந்தது. அந்தச் சந்தன நிறத் துணி தலைத் தீபாவளிக்குப் போகிற ஒரு பெண்ணுடையது. அன்றைக்கு நான் அழுதது நஷ்டத்துக்காக இல்லை, அவளிடம் என்ன சொல்வேன் என்றுதான்.

நஷ்டமும் இருந்தது. கெட்டுப்போன துணிகளுக்கு ஈடாக நான் கையிலிருந்து கொடுத்தது ரூ.14,200. மிஷின் மோட்டார், ஓவர்லாக் இரண்டையும் சரிபார்க்க ரூ.6,500. அந்த நான்கு நாளில் வந்திருக்க வேண்டிய கூலி சுமார் 9,000. கிட்டத்தட்ட முப்பதாயிரம். அதற்கப்புறம் ஒரு வருஷம் அலைந்த பஸ் செலவு, கடை மூடிய நாட்கள் எல்லாம் தனி. இதை எழுதுவதே, இப்படி ஒன்று நடந்தால் எங்கே போவது, எதை எழுதிக் கொடுப்பது, எதில் ஏமாறுவோம் என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை என்பதால்தான். சொல்லியிருந்தால் பாதி நாள் மிச்சமாகியிருக்கும்.

எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது. மேட்டுத் தெருத் தண்ணீர் முழுக்க எங்கள் வாசல் வழியாகத்தான் ஏரிக்குப் போக வேண்டும். கால்வாய் கிடையாது. ஓட்டுக் கேட்டு வந்த எல்லோரும் கால்வாய் போட்டுத் தருவதாகச் சொன்னவர்கள்தான். சரி, இனிமேல் வாயால் கேட்டால் ஆகாது என்று டிசம்பரில் ஒரு திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனேன். போக வர நாலு மணி நேரம். வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் நூறு ரூபாய் கொடுத்து மனு எழுதி வாங்கினேன், அது தேவையே இல்லாத செலவு. வெள்ளைத் தாளில் நாமே, நம் தமிழில், எந்தத் தெரு, எந்தத் தேதி, என்ன வேண்டும் என்று எழுதினால் போதும். முக்கியமானது மனு எண் போட்ட ரசீது. அதை வாங்காமல் வெளியே வராதீர்கள். மனுவின் இன்னொரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை வைத்துக்கொள்ளவில்லை. பின்னால் நான் என்ன எழுதினேன் என்பதையே நிரூபிக்க முடியாமல் நின்றேன்.

மூன்று மாதம் கழித்து, 2022 மார்ச்சில் பதில் வந்தது. ஒரே பத்தி. மனுதாரர் குறிப்பிடும் தெருவில் 2020-21ஆம் ஆண்டிலேயே 120 மீட்டர் நீளத்துக்குக் கழிவுநீர்க் கால்வாய் அமைக்கப்பட்டுவிட்டது, எனவே மனு முடித்துவைக்கப்படுகிறது. வாசற்படியில் நின்றுகொண்டே படித்தேன். படித்துவிட்டுத் தலையைத் தூக்கித் தெருவைப் பார்த்தேன். மண் தெரு, நடுவில் சாக்கடை நீர் தானாக அறுத்துக்கொண்டு போன ஒரு கோடு, அதில் ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது. எனக்கு ஏதோ புத்தி பேதலித்துவிட்டது போல இருந்தது. அரசாங்கத்தின் தாளில் முத்திரையோடு கால்வாய் இருக்கிறது, என் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

அடுத்தது கிராம சபை. மே 1 அன்று தனியாகப் போனேன். நான் செய்ததிலேயே பெரிய தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பந்தல் வாசலில் ஒரு நோட்டு வைத்து வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். எங்களுடையதைப் போன்ற ஊராட்சிக்கு நூறு பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும், அதனால் கையெழுத்தில் மட்டும் குறியாக இருப்பார்கள். நானும் போட்டேன். தீர்மானங்கள் எழுத வேண்டிய பக்கங்கள் அப்போது வெறுமையாக இருந்தன, அதை நான் யோசிக்கவே இல்லை. என் முறை வந்ததும் எழுந்து பேசினேன். குரல் நடுங்கியது, ஆனாலும் பதில் கடிதத்தைக் காட்டி, இந்தக் கால்வாய் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள் என்று கேட்டேன். எங்கள் ஊராட்சித் தலைவர் ஒரு பெண், ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து பேசியது அவர் வீட்டுக்காரர். "மழை பேஞ்சா தண்ணி வரத்தாம்மா செய்யும், பள்ளத்துல வீட்டைக் கட்டிட்டு யாரைக் குறை சொல்ற" என்றார். சிலர் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துத் தீர்மானத்தின் நகல் கேட்டு வாங்கிப் பார்த்தால், நான் பேசியது ஒரு வரிகூட அதில் இல்லை. அனைத்துப் பணிகளும் திருப்திகரமாக நடைபெற்றதாகச் சபை ஏகமனதாக ஏற்றது என்று எழுதியிருந்தது. கீழே நூற்றுச் சொச்சம் கையெழுத்து, அதில் ஒன்று என்னுடையது. தண்ணீர் வந்த அன்றுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. எனக்கு எதிராகவே என் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அதனால் சொல்கிறேன், கிராம சபையில் பேசுவது பாதி வேலைதான். பேசினது நோட்டில் ஏறியதா என்று பார்ப்பதுதான் மீதி. கோரிக்கையைத் தீர்மான வாசகமாகவே முன்கூட்டி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதைச் சபையில் வாசியுங்கள், ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள், எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள், அப்புறம் அந்தப் பக்கத்தை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தைக் கடைசியில் போடுங்கள். இதற்கு யாரும் கோபப்பட்டால் படட்டும். கிராம சபை என்பது தலைவர் நமக்கு வைக்கிற விருந்து இல்லை. ஊரில் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள், அரசியல் சாசனத்தின் 73ஆவது திருத்தம் வழியாக வந்த உரிமை அது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றி என் தங்கை மகன் சொன்னான். முதல் மனுவில் நான் எழுதியது, "எங்கள் தெருவில் ஏன் கால்வாய் கட்டவில்லை?" ஒரு மாதம் காத்திருந்ததற்கு வந்த பதில், ஏன் எதற்கு என்ற கேள்விகளுக்கு இச்சட்டத்தின் கீழ் பதில் தர இயலாது. கோபம் வந்தது. ஆனால் அவர்கள் சொன்னது சரிதான். அலுவலகத்தில் ஆவணமாக இருப்பதைத்தான் கேட்க முடியும், விளக்கம் கேட்க முடியாது. கேள்வியைக் கேட்காதீர்கள், தாளைக் கேளுங்கள். இரண்டாவது மனுவில் அப்படித்தான் கேட்டேன்: 2020-21இல் இந்தத் தெருவில் நடந்ததாகச் சொல்லப்படும் கால்வாய்ப் பணியின் நிர்வாக அனுமதி ஆணை, எஸ்டிமேட், செய்த வேலையின் அளவுகளைக் குறித்துவைக்கும் எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், பில் தொகை வழங்கிய வவுச்சர், பணிக்கு முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்கள். இவற்றின் நகல் வேண்டும், நேரில் பார்வையிடவும் அனுமதி வேண்டும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒப்புகை அட்டையோடு ஒன்றிய அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பினேன். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.

30 நாள் ஆகியும் பதில் இல்லை. நிறைய பேர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டிருப்பேன். 30 நாள் முடிந்ததும் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு, இன்னொரு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு அனுப்ப வேண்டும், பிரிவு 19(1). அதற்கும் அசையவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம். தாமதத்துக்கு நாளைக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அந்த அலுவலரின் சம்பளத்திலிருந்து அபராதம் பிடிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மேல்முறையீட்டில் அந்தப் பிரிவு 20ஐக் குறிப்பிட்டு எழுதினேன், இரண்டு வாரத்தில் நேரில் வந்து பார்க்கும்படி கடிதம் வந்தது.

ஒன்றிய அலுவலகத்தில் ஒரு மர மேசை. நீள வாக்கில் மடித்த எம்-புக்கை என் முன்னால் வைத்தார்கள். எங்கள் தெருப் பெயர், நீளம் 120 மீட்டர், அகலம், ஆழம், சிமென்ட் கலவை விகிதம், எல்லாமே அழகான கையெழுத்தில் இருந்தது. செலவு 4 லட்சத்து 80 ஆயிரம். பின்னால் இணைத்திருந்த போட்டோவில் புதிதாகக் கட்டிய கால்வாய், பக்கத்தில் ஒரு வேப்ப மரம், அதை ஒட்டி நீல நிற இரும்புக் கேட். அந்தக் கேட்டை எனக்குத் தெரியும். மேட்டுத் தெருவில் இரண்டாவது வீடு, அங்கே தினமும் பால் வாங்கப் போகிறேன். அந்தக் கால்வாய் பல வருஷத்துக்கு முன்னால் போட்டது, மேலே புதிதாகப் பூசியிருந்தார்கள். என் கை சில்லிட்டுவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. நகல் கேட்டேன், 11 பக்கம், 22 ரூபாய் கட்டி ரசீதோடு வாங்கிக்கொண்டு வந்தேன். அங்கேயே சத்தம் போடாமல் வந்தது நான் செய்த நல்ல காரியம் என்று இப்போதும் நினைக்கிறேன். தாள் கைக்கு வரும் வரை பேசாதீர்கள்.

விஷயம் எப்படியோ ஊருக்குள் கசிந்தது. தலைவர் வீட்டு உறவுக்காரர்கள் தையலுக்கு வருவதை நிறுத்தினார்கள். என் கணவரின் பங்காளி ஒருவர் வந்து, பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மாதம் கடையில் கூலி பாதியானது. ராத்திரி தூக்கம் வராது. என் மகள் அப்போது பாடத்தில் உத்திரமேரூர் கல்வெட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடவோலையில் நிற்க முடியாது என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் விதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டதும் நெஞ்சில் ஏதோ பிடித்துக்கொண்டது. அந்தச் சபையில் நிலம் உள்ள ஆண்களுக்குத்தான் இடம், என்னைப் போல ஒரு தையல்காரியை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். அன்றைக்குக் கணக்குக் கேட்கும் முறை இருந்தது, கேட்கும் உரிமை சிலருக்குத்தான் இருந்தது. இன்றைக்கு உரிமை எல்லோருக்கும் இருக்கிறது. கேட்டால் தையலுக்குத் துணி வராமல் போகும் என்ற பயமும் கூடவே இருக்கிறது.

அந்த நாட்களில் ஒரு மாலை தலைவரம்மாவே தனியாக எதிரில் வந்தார், ரேஷன் கடைக்குப் பக்கத்தில். என்னைவிட எட்டு வயது சின்னவர். என்ன தோன்றியதோ, பையிலிருந்த நகலை எடுத்துக் காட்டினேன். போட்டோவைப் பார்த்தவுடன், "இது மேட்டுத் தெரு கேட்டுல்லக்கா" என்றார். அப்புறம் வவுச்சரில் இருந்த தன் கையெழுத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு பணம் என்பதே அவருக்குத் தெரியாது. நீட்டின இடத்தில் போட்ட கையெழுத்து. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்து, 2019 டிசம்பர் தேர்தலில்தான் எங்கள் ஊரில் முதல் பெண் தலைவர் வந்தார். நாங்கள் பெண்கள் எல்லோரும் சந்தோஷமாக ஓட்டுப் போட்டோம். அவரை நாற்காலியில் உட்காரவிடவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம், ஒருத்தி கூடக் கேட்கவில்லை. அதில் எனக்கும் பங்கு உண்டு. மே மாதம் நான் கணக்குக் கேட்டபோது அவர் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் கேட்டேன், அவரைப் பார்த்துக் கேட்கவில்லை.

அந்த ஆண்டுதான் முதன்முறையாக நவம்பர் 1, உள்ளாட்சி நாளுக்கும் கிராம சபை வைத்தார்கள். இந்த முறை தனியாகப் போகவில்லை. எங்கள் மகளிர் குழுவில் ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போய் நகலைக் காட்டினேன். கோபமாகப் பேசவில்லை, அந்த நீலக் கேட்டை மட்டும் காட்டினேன். 19 பேர் வந்தார்கள், தெரு ஆண்கள் ஆறு பேர். தீர்மானத்தை எழுதியே கொண்டுபோனோம். வாசித்ததும் வழக்கம்போல வீட்டுக்காரர் எழுந்தார். அப்போது தலைவரம்மா அவரைப் பார்க்காமல் செயலரைப் பார்த்து, "அவங்க சொல்றதை எழுதுங்க" என்றார். அவ்வளவுதான். பந்தலில் ஒரு நிமிஷம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எழுதினார்கள், திரும்ப வாசித்தார்கள், படம் எடுத்தோம், அப்புறம் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டோம்.

தீர்மான நகலையும் போட்டோவையும் சேர்த்து ஆட்சியருக்கும் ஊரக வளர்ச்சி முகமைத் திட்ட இயக்குநருக்கும் அனுப்பினோம். ஜனவரியில் பொறியாளர் ஒருவர் டேப்போடு வந்து தெருவை அளந்தார். 2023 ஆகஸ்டில் வேலை தொடங்கியது, 85 மீட்டர் கட்டினார்கள். எங்கள் வீட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. மீதி 35 மீட்டர் இன்னும் மண்தான், ஏரிக்கரை ஓரம் உள்ள நாலு வீட்டுக்கு இன்றும் தண்ணீர் போகிறது. முதலில் எடுத்த 4 லட்சத்து 80 ஆயிரம் என்னவானது, யாராவது திருப்பிக் கட்டினார்களா என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன், விசாரணையில் உள்ளது என்பதைத் தவிரப் பதில் இல்லை. யார் மேலும் நடவடிக்கை வந்ததாக எனக்குத் தெரியாது.

ஜனநாயகம் என்றால் எதற்கு, அது அந்த வேலையைச் செய்கிறதா என்று இப்போது யாராவது கேட்டால் என்னால் ஒரே சொல்லில் சொல்ல முடியவில்லை. பிடிக்காதவரை அடிதடி இல்லாமல் இறக்குவதை அது நன்றாகவே செய்கிறது. 1977இல் பிரதமராக இருந்த இந்திரா காந்தியே சொந்தத் தொகுதியான ரேபரேலியில் தோற்று இறங்கிப் போனார். எங்கள் ஊரிலும் பத்து வருஷம் அசைக்க முடியாதவர் என்று இருந்தவர் 2019 டிசம்பர் தேர்தலில் தோற்று, முடிவு வந்த மறுநாள் டீக்கடையில் எல்லோரோடும் உட்கார்ந்திருந்தார். எளியவன் வாய் திறக்க ஒரு இடம் தருவதையும் செய்கிறது, ஆனால் திறந்த வாயை நோட்டில் ஏற்றுவது நம் பாடு. நம் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வைப்பதுதான் ரொம்பவும் மெதுவாக, அதுவும் தள்ளத் தள்ளத்தான் நகர்கிறது. எனக்கு 85 மீட்டர் கிடைக்க ஒன்றே முக்கால் வருஷம் ஆனது. என்னால் அதைத் தோல்வி என்று சொல்ல மனம் வரவில்லை. அதற்காக இது போதும் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

இன்னும் இரண்டு விஷயம், எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்று, மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் நம் ஊராட்சியின் பெயரைப் போட்டால் நிதிக்குழு மானியத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு என்று வருகிறது. செல்போனிலேயே பார்க்கலாம். வருஷா வருஷம் ஏப்ரலில் ஒரு முறை பார்த்து, அந்த வேலை நடந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிடுங்கள். நான் 2021 ஏப்ரலில் பார்த்திருந்தால் அந்தத் தீபாவளிக்கு முன்பே தெரிந்திருக்கும். இன்னொன்று, மனுவில் யாருடைய பெயரையும் போட்டுத் திருடன் என்று எழுதாதீர்கள், எனக்கு ஒருவர் அப்படி எழுதச் சொன்னார், நல்லவேளை கேட்கவில்லை. இந்தத் தேதி, இந்த ஆவணம், இந்த இடத்தில் இது இல்லை என்று மட்டும் எழுதினால் வழக்கு என்று யாரும் நம்மை மிரட்ட முடியாது.

எங்கள் தலைவரம்மாவின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. கடைசி இரண்டு வருஷம் அவரே நாற்காலியில் உட்கார்ந்தார், அதைப் பார்க்க எங்களுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. ஐந்து ஆண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்கிறது. ஆனால் தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். முன்பும் 2016இலிருந்து 2019 கடைசி வரை இப்படித்தான் தலைவரே இல்லாமல் ஓடியது. தனி அலுவலர் ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறார், ஒன்றியத்தில் உள்ள மற்ற ஊராட்சிகளும் அவர் தலையில்தான். நல்ல மனிதர், போனால் உட்காரச் சொல்கிறார். ஆனால் ராத்திரி தண்ணீர் ஏறினால் கதவைத் தட்ட ஊருக்குள் ஒரு வீடு இல்லை. அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வர வேண்டுமே என்ற பயமும் அவருக்கு இல்லை. கையெழுத்து எங்கே போடுகிறோம் என்று தெரியாத தலைவர் இருந்தபோதுகூட, ரேஷன் கடை வாசலில் நிறுத்திக் கேட்க ஒருத்தி இருந்தாள்.

மீதி 35 மீட்டருக்கு ஆகஸ்ட் 15 கிராம சபைக்கும் தீர்மானம் எழுதிக் கொண்டுபோனோம். இந்த முறை வாசித்தது நான் இல்லை, ஏரிக்கரை ஓர நாலு வீட்டில் ஒரு வீட்டு மருமகள். பக்கத்தைப் படம் எடுத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.